மூன்றாவது கை

முதலில் வடத்தைச் சந்தேகப்பட்டேன்.
சரியாகத்தான் சந்தேகப்பட்டேன்:
பத்ரியின் பழைய ஃபோனோடு வந்த அந்தக் கறுப்பு வடம்
மின்சாரம் கொடுக்கும், பேச்சு கொடுக்காது.
சிவப்பு விளக்கு எரியும். மடிக்கணினியோ
அப்படியொன்று இந்த வீட்டிலேயே இல்லை என்று சாதிக்கும்.
ஒரு மணி நேரம் அதில் போயிற்று.

எலியாவா சந்தையில் பதினெட்டு லாரிக்கு வாங்கிய பலகை,
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
வெறும் அழைப்பு மணிக்காகத்தான்.
யாராவது வாசலில் அழுத்தினால்
சமையலறை விளக்கு மூன்று முறை சிமிட்ட வேண்டும்.
"எதற்கு?" என்றான் பத்ரி.
"பொழுதுபோக்கு" என்றேன்.

இருபத்தாறு வருஷம் திபிலிசிக்கு அடியில் ரயில் ஓட்டினான்.
இடது காது அங்கேயே தங்கிவிட்டது, வலது காதில் பாதியும்.
அவன் சொல்வது வேறு:
க்ல்தானியில் இப்போதெல்லாம்
எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்.

முந்தாநாள் தவறான கோப்பை ஏற்றிவிட்டேன்,
இரண்டு மடங்கு வேகமான சில்லுக்கு எழுதியதை.
அன்றிலிருந்து விளக்கு
தூக்கத்தில் நடப்பவனைப்போல் சிமிட்டுகிறது.
சரியான கோப்பை ஏற்றலாமென்றால்
தானாக ரீசெட் செய்யும் ஊசி ஒடிந்து கிடக்கிறது,
பற்றவைக்க இரும்பு தருகிற நானுலி குத்தாயிசிக்குப் போயிருக்கிறாள்.

ஆகவே இப்படி:
இடது கை பலகையைப் பிடிக்க,
வலது கை மிச்ச ஐந்து ஊசிகளையும் துளைகளில் சாய்த்து அழுத்த,
என்டருக்கு மூக்கு.
திரை "ஏற்றுகிறேன்" என்று சொல்லும் அந்த நொடியில்
ரீசெட்டை அழுத்தி விட வேண்டும்.
முந்தினால் பலகை காது மூடிக்கொள்ளும்.
பிந்தினால் கணினிக்குச் சலித்துவிடும்.
அழுத்த எதுவும் மிச்சமில்லை என்னிடம்.

பதினொன்றரை மணி. மின்தூக்கி
யாரோ போட்ட காசை விழுங்கிவிட்டு
இரண்டு மாடி கீழே நின்றுபோனது, அவர்கள் திட்டியது கேட்டது.
"பத்ரி!"
அடுத்த அறையில் மல்யுத்தம், முழுச் சத்தத்தில்.
"பத்ரீ!"
குதிகாலால் தரையை இரண்டு முறை உதைத்தேன்.
கீழ்வீட்டு ட்சியாலா துடைப்பக் கட்டையால் பதில் சொன்னாள்.
அவனும் வந்தான்.
ரயில்காரன், காலால் கேட்பான்.

"நான் சொல்லும்போது இதை அழுத்தி விடு."
சொன்னேன். அழுத்தவில்லை.
மறுபடி சொன்னேன். அழுத்தினான்,
அடுத்த ஸ்டேஷன் வந்த பிறகு.
"கத்தாதே" என்றான், நான் கத்தவேயில்லை.
மூன்றாம் முறை
அவன் பலகையைப் பார்க்கவில்லை, பொத்தானையும் பார்க்கவில்லை.
சிக்னலைப் பார்ப்பதுபோல்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை. இமையைத் தாழ்த்தினேன்.
அழுத்தி விட்டான்.

திரையில் கோடு கோடாய் ஊர்ந்தது.
மூச்சுவிடப் பயம், ஊசி நழுவிவிடுமென்று.
எழுதி முடித்ததும் கணினி
எழுதியதையெல்லாம் முதலிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னது,
பைட் பைட்டாக.
பலகையும் கோபித்துக்கொள்ளாமல் சொன்னது.
நான் எதையும் இரண்டு தரம் சொல்வேன், மூன்று தரமும் சொல்வேன்.
உனக்கு என்ன கேட்டது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

கையை எடுத்தோம்.
விளக்கு சிமிட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.
சரியான வேகம்.
"வாசலில் யாரோ" என்று எழுந்து போனான் பத்ரி.

எனக்குத் தெரியும். அழைப்புப் பொத்தானை நான் இன்னும் இணைக்கவில்லை.
எதிலும் கட்டாத கால்
காற்றுக்கும் துள்ளும், கை நிழலுக்கும் துள்ளும்.
தாழ்ப்பாள் விலகியது. நடையில் செருப்பு தேய்ந்தது.
மின்தூக்கி வரை போய்ப் பார்த்திருக்கிறான்.

"யாருமில்லை" என்று திரும்பி வந்தான்,
முகம் கழுவினவனைப்போல் இருந்தான்.
"ஆனால் எனக்குக் கேட்டது."

பத்தாயிரம் ஓம் தடை ஒன்று போட்டால் நின்றுவிடும்.
இழுப்பறையில் இருக்கிறது, பச்சை டப்பாவில்.
திறந்தேன்.
விளக்கு மறுபடி சிமிட்டியது, அவன் மறுபடி எழுந்தான்.
இழுப்பறையை மூடிவிட்டேன்.